பதினான்காம் எண் மரக் கேமரா

அத்தியாயம் ஐந்து

காலை பத்தேகால் மணிக்கு ஊசி அந்தப் பின்னறைக்குள் நுழைந்தபோது, அவளுக்குக் கிடைத்திருந்த அவகாசம் ஆறேமுக்கால் மணி நேரம்.

ஊசி என்பது துப்பறியும் தொழில் வட்டாரம் வைத்த பெயர். ஆள் ஒல்லி. எந்த வழக்குக்குள் நுழைய விட்டாலும் மறுபக்கம் நூலோடுதான் வெளியே வருவாள். இப்போதும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். வருவதில் ருசி மட்டும் போய்விட்டது. ஐந்து மாதமாக உலகம் அவளுக்குப் பஞ்சுக்குப் பின்னால் இருந்தது. ஏல நிறுவனத்தின் மேலாளர் கொடுத்த தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு வெந்தது தெரிந்தது, வலிக்கவில்லை.

மேசைமேல் பச்சைத் துணி. துணியின்மேல் அந்த மரக் கேமரா. முன்னால் பித்தளைக் குழாய்க்குள் லென்ஸ், நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, பின்னால் பிம்பம் தலைகீழாக விழும் மங்கல் கண்ணாடி. பக்கவாட்டில் ஒரு சீட்டு: ஏல எண் 14.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்கினவர் வக்கீலோட வர்றார்" என்றார் மேலாளர். "மூணு வாரத்துக்கு முன்னாடி அந்தம்மா இது அசல்னு சான்றிதழ் கொடுத்தாங்க. போன வாரம் ஏலத்துல பெரிய விலைக்குப் போச்சு. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் பார்த்துட்டு, லென்ஸைத் தவிர எல்லாம் புதுசுன்னு திருப்பி அனுப்பிட்டார். யார் தப்புன்னு அஞ்சு மணிக்குள்ள தெரியலைன்னா அந்தம்மா மேல போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுவேன். எனக்கு வேற வழியில்லை."

'அந்தம்மா' என்றால் மதிப்பீட்டாளர். பழைய மரக் கேமராக்களுக்கு மதிப்புச் சொல்வதில் இருபத்தாறு வருட அனுபவம். அவர் கையெழுத்தைப் பார்த்துவிட்டால் சேகரிப்பாளர்கள் கேமராவைப் பார்க்கக்கூட மாட்டார்கள் என்பார்கள். அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

ஊசியின் உதவியாளன் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு கேமராவின்மேல் கவிழ்ந்திருந்தான். நாற்பது வயது. முன்பு கைக்கடிகாரம் பழுது பார்த்தவன். வாய் நிற்காமல் ஓடுவதால் அவனுக்கு வாய்க்கால் என்று பெயர்.

"மூஞ்சி முப்பாட்டன், உடம்பு நேத்துப் பொறந்தது" என்றான். "மரக் கேமராவுக்கு மரத்துப்போன ஆளாப் பார்த்து..." சொல்லவந்ததைப் பாதியில் நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்கக்கா."

"பரவாயில்லை. கண்டதைச் சொல்லு."

"ஸ்க்ரூ தலையைப் பாருங்க. அந்தக் காலத்து வேலைக்காரன் முடுக்கினா, கடைசியில எல்லாத் தலைக்கீறலும் ஒரே திசையைப் பார்த்து நிக்கும். மரத்தோட ரேகை போற பக்கம். அது அவங்களுக்கு ஒரு கௌரவம். இங்க ஒண்ணு கிழக்கே, ஒண்ணு மேற்கே. மழைக்கு ஒதுங்கின கூட்டம் மாதிரி ஆளுக்கொரு திக்கைப் பார்த்துட்டு நிக்குது."

"அந்தம்மாவுக்கு இது தெரியாம இருக்குமா?"

"எனக்கே தெரியுது. அவங்களுக்குத் தெரியலைன்னா மீனுக்கு நீச்சல் மறந்துபோச்சுன்னு அர்த்தம்."

"அப்போ அவங்க பார்த்ததுக்கப்புறம் யாரோ மாத்தியிருக்கணும்."

மேலாளர் தலையாட்டி மறுத்தார். மதிப்பீட்டாளர் தான் பார்த்த ஒவ்வொரு கேமராவின் உள்ளேயும் தேதியும் கையெழுத்தும் போட்ட மெல்லிய காகிதம் ஒன்றை ஒட்டுவார், பிய்த்தால் கிழிந்துவிடும். வாய்க்கால் துருத்திக்குள் விளக்கடித்துப் பார்த்தான். காகிதம் இருந்தது, கிழியாமல்.

ஆக, அவர் ஏமாறவில்லை. யாரும் மாற்றவும் இல்லை. போலி என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்.

மதிப்பீட்டாளர் அடுத்த அறையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நகக்கண்களில் பித்தளை தேய்த்த கறுப்பு.

"எழுதினது நான்தான்" என்றார், ஊசி கேட்பதற்கு முன்பே.

"தெரிஞ்சே எழுதினீங்க."

மதிப்பீட்டாளர் நகக்கண்ணின் கறுப்பைத் தேய்த்தார்.

"யாருக்காக?"

"கேக்காதீங்கம்மா. ஒருத்தருக்குக் கொடுத்த வாக்குன்னாலாவது மீறலாமான்னு யோசிக்கலாம்." சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு அந்த வாயைத் திறக்க யாராலும் முடியவில்லை.

வெளியே வந்ததும் வாய்க்கால் கிசுகிசுத்தான். "அழுத்தமான ஆளு. நம்ம ஆபீஸ் பீரோகூட நாலு தட்டு தட்டினா திறந்துக்கும்."

"ஒருத்தர்னா யோசிக்கலாமாம்" என்றாள் ஊசி. "அப்போ ஒருத்தர் இல்லை."

அவள் அதே மதிப்பீட்டாளர் வேறு கேமராக்களுக்கு எழுதிய மூன்று சான்றிதழ்களை வரவழைத்து, நாலையும் மேசையில் பரப்பினாள். மற்ற மூன்றும் ஒரே அச்சு: 'செம்பழுப்பு நிறம்', 'மெருகு மங்கியுள்ளது', 'பித்தளையில் பச்சைக் களிம்பு'. பதினான்காம் எண்ணின் சான்றிதழ் வேறு மாதிரி இருந்தது. 'உள்ளங்கைக்கு வழவழப்பான மரம். தொட்டால் குளிரும் பித்தளை. பின்மூடி திறக்கையில் இரண்டு சொடுக்குச் சத்தம்.'

ஊசி இரண்டு தடவை படித்தாள். "இதுல ஒரு நிறம்கூட இல்லை."

"அவசரத்துல விட்டிருப்பாங்க."

"கண்ணுக்கு வேண்டியது ஒண்ணுமே இல்லை. கைக்கும் காதுக்கும் வேண்டியது மட்டும் இருக்கு. இது படிக்கறதுக்கு எழுதினது இல்லை. படிச்சுக் காட்டறதுக்கு எழுதினது. கேமராவோட சொந்தக்காரருக்குக் கண்ணு தெரியாது."

மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். கொண்டுவந்தவர் சொந்தக்காரரின் மாப்பிள்ளை. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவரை இங்கே யாரும் நேரில் பார்த்ததில்லை.

வாய்க்கால் நாலு காகிதங்களையும் அடுக்கி மேசையில் தட்டினான். மூன்று ஓரம் சேர்ந்தது. ஒன்று மட்டும் உள்ளே ஒளிந்துகொண்டது.

"அக்கா, இவர் மட்டும் ரெண்டு விரல் குட்டை. கீழ யாரோ முடி வெட்டி விட்டிருக்காங்க."

"வண்டியை எடு" என்றாள் ஊசி.

பல் டாக்டரின் வீட்டில் முன்னறைதான் ஒரு காலத்தில் கிளினிக். சாய்வு நாற்காலி இன்னும் அங்கேயே இருந்தது. டாக்டரே அதில் சாய்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். சுவரோரம் நீளமான அலமாரி, பன்னிரண்டு இடங்கள், பன்னிரண்டும் காலி. வாய்க்காலை அவருக்குப் பேச்சுத் துணையாக விட்டுவிட்டு ஊசி டாக்டரின் மனைவியோடு சமையலறைக்குப் போனாள்.

"பதினோரு கேமராவை அவரே சம்மதிச்சுதான் வித்தோம். சின்ன வீட்டுக்குப் போறோம்" என்றார் அந்த அம்மாள். "பெரியது மட்டும் விக்கக்கூடாதுன்னுட்டார். அது இப்போ கண்காட்சியில இருக்கு. மாப்பிள்ளை கொண்டுபோயிருக்கார்."

"அது கண்காட்சிக்குப் போகலைம்மா. ஏலத்துல வித்துட்டாரு. வாங்கினவர் போலின்னு கண்டுபிடிச்சுட்டார். உங்களுக்குச் சான்றிதழ் எழுதின அம்மாவை இன்னிக்குச் சாயங்காலம் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப்போறாங்க."

ஊசி இதைச் சொன்ன குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. அம்மாள் அடுப்பை அணைத்தார். அணைத்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவங்கமேல தப்பில்லை" என்றார் கடைசியில். "மதிப்புப் போட வந்தவங்களை நான்தான் வாசல்லயே கையைப் பிடிச்சு, பெரியதையும் அசல்னே அவர்கிட்ட சொல்லிடுங்கன்னு கெஞ்சினேன். அவர் முதல் சம்பளத்துல வாங்கின கேமரா அது. கல்யாணத்துக்கு முன்னாடியே. அவதான் மூத்தவ, நான் ரெண்டாவது பொண்டாட்டின்னு கேலி பண்ணுவேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண் ஆபரேஷனுக்காக அவருக்குத் தெரியாம வித்தேன். கண்ணும் வரலை, கேமராவும் போச்சு. கை தடவும்போது அந்த இடம் வெறுமையா இருக்கக்கூடாதேன்னு, சினிமாவுக்குச் சாமான் செய்யற தச்சர்கிட்ட அதே அளவுல ஒண்ணு செய்யச் சொன்னேன். பழைய லென்ஸ் ஒண்ணு தேடி வாங்கி மாட்டிக் கொடுத்தார். தினம் காலையில அவர் அதைத் துடைப்பார். நான் கதவுக்கிட்ட நின்னு பார்ப்பேன்."

"சான்றிதழை உங்க மாப்பிள்ளைகிட்ட யார் கொடுத்தது?"

"மதிப்பு எவ்வளவுன்னு மாப்பிள்ளைதான் கையை நீட்டிட்டு நின்னார். அவங்க சத்தமா வாசிச்சாங்க. கடைசி வரியை மட்டும் மாப்பிள்ளையைப் பார்த்து வாசிச்சாங்க. 'விற்பனைக்கு அல்ல'ன்னு."

வெட்டுப்பட்ட இரண்டு விரல் காகிதம் ஊசிக்குக் கிடைத்துவிட்டது.

"நீங்க வந்து இதை அங்க சொல்லணும்மா."

"வர்றேன். இப்பவே வர்றேன். ஆனா அவருக்குத் தெரியக்கூடாது. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

முன்னறையில் வானொலி நின்றிருந்தது. வாய்க்கால் நிற்கவில்லை.

"உங்க தம்பி திறந்த வாயை மூடவே மாட்டேங்கறார்" என்றார் டாக்டர், காலடி கேட்ட பக்கம் திரும்பி. "என் தொழிலுக்கு ரொம்ப சௌகரியமான ஆளு."

ஊசி அவரிடம் ஏலத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் கையெட்டும் தூரத்தில் ஜன்னல் மேடைமேல் இருந்தவற்றைப் பார்த்தாள். துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த துடைப்புத்துணி. மரத்தூசி தட்டும் சின்னத் தூரிகை, மயிர் பாதி கொட்டிப்போனது. பக்கத்தில் ஒரு தகர டப்பா: துருத்தித் தோலுக்குப் பூசும் எண்ணெய். மூடியைத் திருகினாள். அசையவில்லை. வாய்க்காலிடம் நீட்டினாள். அவன் பல்லைக் கடித்துத் திருகினான். துரு உதிர்ந்ததே தவிர மூடி வரவில்லை.

டாக்டரின் தலை அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்தது.

"தினமும் கேமராவைத் துடைப்பீங்களா சார்?"

"ஒரு நாள் விட்டதில்லைம்மா."

"தோல் துருத்திக்கு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போடலைன்னா வெடிச்சுடும்னு சொல்வாங்க. துணி நூல் நூலா தேஞ்சுபோயிருக்கு. எண்ணெய் டப்பா மட்டும் ரெண்டு வருஷமா திறக்கலை போலிருக்கே."

வாய்க்கால்கூடப் பேச்சை நிறுத்தினான்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்கு."

"ரெக்சினுக்கு எதுக்கும்மா எண்ணெய்?" அவர் கையைத் தன் முழங்காலில் வைத்தார். "நாப்பது வருஷம் ஜனங்க வாய்க்குள்ள விரலாலயே பார்த்தவன் நான். முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. மரம் கனமில்லை. துருத்தியில தோல் வாசனை இல்லை, பஸ் சீட் வாசனை. ஆபரேஷனுக்குப் பணம் எங்கேயிருந்து வந்ததுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. கேட்டிருந்தா அவ என்ன சொல்லுவா? கண்ணும் போச்சு, அதுவும் போச்சுன்னு அவ வாயால சொல்லணும். வேண்டாம்னு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சேன்."

"மதிப்பீட்டாளர்கிட்டயும் இதைச் சொன்னீங்க."

"அவங்க என் கையைக் கேமராமேல வச்சு ஒவ்வொண்ணா காட்டினப்போ காதுல சொன்னேன். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாம பார்த்துக்கோங்கன்னு. பாவம், திகைச்சுப்போயிட்டாங்க."

ஊசி அவருக்கும் அதே ரயில் நிலையக் குரலில் ஏலத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை செய்ததைச் சொன்னாள். அஞ்சு மணியைச் சொன்னாள்.

"நான் வர்றேன்" என்று எழுந்தார் டாக்டர். "நேர்ல வந்து சொல்றேன். ஆனா அவகிட்ட மூச்சு விடக்கூடாது. பழைய சிநேகிதன் ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போங்க."

வாய்க்கால் ஊசியின் காதருகே வந்தான். "அம்மா கடைக்கு, ஐயா சிநேகிதன் வீட்டுக்கு. ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஒருத்தருக்கொருத்தர் தெரியாம எப்படிக்கா ஏத்தறது? ஒருத்தரை டிக்கியில போட்டுடலாமா?"

செய்ய வழி இருந்தது. தனித்தனியாக எழுதி வாங்கலாம். ஒருவரை இப்போது, ஒருவரை நாளை. ஊசிக்கு அது மூன்று நிமிட வேலை.

அவள் அலமாரியின் காலி இடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதத்துக்கு முன்பு அவள் கணவனின் அலுவலகப் பையில் நெஞ்சுவலி மாத்திரை அட்டை ஒன்று அவள் கையில் தட்டுப்பட்டது. நாலு மாத்திரை காலியாகியிருந்தது. அவரே சொல்லட்டும் என்று அட்டையை எடுத்த இடத்தில் வைத்தாள். அவர் ஒளித்துக்கொண்டே இருந்தார், அவள் தெரியாததுபோலவே இருந்தாள். இப்படி மூன்று வாரம். பிறகு ஒரு காலை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார், பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஊசி போய்க் கதவைத் திறந்தாள். கடைக்குப் போகும் பையோடு அம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்கம்மா" என்றாள். "சார், அம்மா இங்கதான் இருக்காங்க. அந்தக் கேமரா போலின்னு அம்மாவுக்குத் தெரியும், மாத்தினது அவங்கதான். அம்மா, அது சாருக்கு முதல் நாள்லேருந்தே தெரியும். ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் அந்த மதிப்பீட்டாளரோட வாயைக் கட்டிட்டீங்க. அவங்க அந்த வாக்கைக் காப்பாத்திட்டு ஜெயிலுக்குப் போகத் தயாரா உட்கார்ந்திருக்காங்க. எனக்கு மணி நாலாகப்போகுது."

இவ்வளவுதான் சொன்னாள். வாய்க்கால் தரையைப் பார்த்தான்.

அம்மாளின் கையிலிருந்து பை நழுவியது.

"ரெண்டு வருஷம்" என்றார் அம்மாள். குரல் உடைந்திருந்தது, கோபமும் இருந்தது. "ரெண்டு வருஷமா விடிஞ்சா அந்தக் கட்டையை எடுத்து வச்சுத் துடைச்சீங்களே. போலின்னு தெரிஞ்சும் எதுக்குத் துடைச்சீங்க?"

டாக்டர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீ கதவுக்கிட்ட நின்னு பார்த்துட்டு இருந்தியே" என்றார்.

வண்டியில் பின்சீட்டில் அந்த இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். தச்சருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டார். அம்மாள் சொன்னார். "அடிப்பாவி, அந்த விலைக்கு அசல் துருத்தியே போட்டிருக்கலாமே!" என்றார் டாக்டர். "கண்ணு தெரியாதவருக்குத்தானேன்னு அவன்தான் சொன்னான்!" என்றார் அம்மாள். பிறகு இருவரும் அழுதார்கள். வாய்க்கால் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் அதை வேறு பக்கம் திருப்பிவிட்டான். ஊசி நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இருவரும் ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே வருவதைப் பார்த்ததும் மதிப்பீட்டாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. தன் பையைத் திறந்து நகல் புத்தகத்தை எடுத்து மேலாளர் முன் வைத்தார். கடைசி வரி அதில் முழுசாக இருந்தது: 'உரிமையாளருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. விற்பனைக்கு அல்ல.'

மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். பிரிண்டரில் சிக்கிக் காகிதம் கிழிந்துவிட்டது என்று ஆரம்பித்தார். "கத்தரிக்கோல் வச்ச பிரிண்டரை எங்க வாங்கினீங்க? எங்க ஆபீசுக்கும் ஒண்ணு வேணும்" என்றான் வாய்க்கால். அதற்குமேல் அந்தப் பொய் நிற்கவில்லை. மாமனார் திட்டவில்லை. "கேட்டிருந்தா போலின்னு நானே சொல்லியிருப்பேனே, மாப்பிள்ளை" என்றார். அதற்குத்தான் மாப்பிள்ளையின் தலை அதிகமாகக் குனிந்தது. விற்பனை ரத்தானது. கேமராவை வாங்கி, இப்போது வக்கீலோடு வந்திருந்த சேகரிப்பாளர் மாப்பிள்ளையிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டு, போலீஸ் வேண்டாம் என்றார்.

மேலாளர் மதிப்பீட்டாளரிடம் வந்தார். "உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா தெரிஞ்சே எழுதினது எழுதினதுதான். ஒரு வருஷத்துக்கு உங்க சான்றிதழை நாங்க ஏத்துக்க முடியாது."

"சரிதான்" என்றார் அவர். "உங்க இடத்துல நான் இருந்தா ரெண்டு வருஷம்னு சொல்லியிருப்பேன்."

வெளிப் படிக்கட்டில் வெயில் சாய்ந்திருந்தது. டாக்டர் கேமராவை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். அது தன் மடியில்தான் வரவேண்டும் என்று பிடிவாதம். வாய்க்கால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மாள் கடைசிப் படியில் நின்று ஊசியின் கையைப் பிடித்தார்.

"நல்லா இருப்பேம்மா நீ. நேரமாயிடுச்சே, வீட்டுல தேடமாட்டாங்களா? உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

இந்த ஐந்து மாதத்தில் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு தடவையும், "அவர் இல்லை" என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். வெளியூர் போயிருக்கிறார் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது.

"செத்துப்போயிட்டார்மா" என்றாள் ஊசி. "அவருக்கு உடம்பு சரியில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் கேக்கலை."

வாய்க்கால் வண்டிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அம்மாள் பிடித்த கையை விடவில்லை. வேலை செய்து முரடேறிய உள்ளங்கை, சூடாக இருந்தது. அந்தச் சூடு ஊசிக்குத் தெரிந்தது.